599 விக்கெட் எடுத்த கை!

ஞாயிற்றுக்கிழமை காலை. தியாகராய நகர் சோமசுந்தரம் மைதானம்.

ஒரே மைதானத்தில் பத்துப் பதினைந்து கிரிக்கெட் பந்தயங்கள் நடக்கும். ஒரு கோஷ்டி அடித்த பந்து இன்னொரு கோஷ்டியின் ஆட்டத்துக்குள் உருண்டு ஓடும். "அண்ணே! பந்து!" என்று கூச்சல் கேட்கும்.

"யாருடா பந்து போடறது?" என்று தலைவன் கேட்டால் போதும். "நான் போடறேன்! நான் வேகமாப் போடறேன்!" என்று நாலு பையன்கள் முந்துவார்கள்.

சுழல் பந்து போட முந்துகிறவர் யார்? ஒருவரும் இல்லை. வேகமாக ஓட முடியாத சின்னப் பையனிடம்தான் அந்த வேலை வந்து சேரும்.

இதே காட்சியை மயிலாப்பூர் சந்துகளில் பார்க்கலாம். அடையாறு மைதானங்களிலும் பார்க்கலாம். மட்டை பிடிக்க ஆசை. சிக்ஸர் அடிக்க ஆசை. ஸ்டம்பு பறக்கும்படி பந்தை எறிய ஆசை. வெயிலில் நின்று, மணிக்கணக்காக, ஒரே இடத்தில் பந்தை விழவைத்துக்கொண்டே இருக்க யாருக்கும் ஆசை இல்லை.

ஆனால், சென்னை நகரத்துக்குக் கிரிக்கெட்டில் பெரும் பெயர் வாங்கித் தந்தது எது?

அந்தச் சுழல் பந்துதான்!

அந்தப் பெயருக்காக 22 பருவங்கள் கை தேய உழைத்தவர் ஒருவர் உண்டு. அவர் எடுத்த விக்கெட்டுகள் 599. அவர் ஆடிய டெஸ்ட் பந்தயங்கள் இரண்டே இரண்டு!

அவர் பெயர் வி.வி.குமார்.

இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? பிள்ளைகளை விடுங்கள். பெற்றோரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

முதல் நாளே சுழல்தான்

சென்னைக்கும் சுழல் பந்துக்கும் உள்ள உறவு நேற்று வந்தது அல்ல.

1934-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி. சேப்பாக்கம் மைதானம். ரஞ்சிக் கோப்பைக்காக நடந்த முதல் பந்தயம் அன்று தொடங்கியது. மதராஸ் அணியும் மைசூர் அணியும் மோதின. முதல் பந்தை வீசியவர் எம்.ஜே.கோபாலன்.

அந்தப் பந்தயம் அன்று மாலைக்குள்ளேயே முடிந்துவிட்டது!

மைசூர் அணி 48 ரன்னில் சுருண்டது. மதராஸ் 130 ரன் எடுத்தது. மைசூர் மறுபடியும் ஆட வந்தது. இந்தத் தடவை 59 ரன். மதராஸ் ஒரு இன்னிங்சும் 23 ரன்னும் வித்தியாசத்தில் வென்றது.

இதைச் செய்தவர் ஏ.ஜி.ராம்சிங். இடது கையால் மெதுவாகச் சுழற்றிப் போடுகிறவர். அன்று ஒரே நாளில் 35 ரன் கொடுத்து 11 விக்கெட் எடுத்தார்.

அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் அதிகாரபூர்வமான டெஸ்ட் பந்தயம் ஒன்றில்கூட ஆடவில்லை. அவருடைய மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் ஆடினார்கள். தகப்பனாருக்குக் கிடைக்காத தொப்பி மகன்களின் தலையில் ஏறியது.

இந்த வழியில் வந்தவர்தான் குமார்.

பம்பரமும் பந்தும்

குமார் 1935-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி சென்னையில் பிறந்தார். 1955-56 பருவத்தில், 20 வயதில், மதராஸ் அணிக்கு ஆட வந்தார்.

அவர் போட்டது 'லெக் ஸ்பின்'. கிரிக்கெட்டில் மிகக் கஷ்டமான வித்தை எது என்று கேட்டால், பலர் இதைத்தான் சொல்வார்கள்.

பம்பரம் விட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். பம்பரத்தைச் சுழலவைப்பது கை பலம் அல்ல. கயிற்றைச் சுண்டி இழுக்கும் மணிக்கட்டு. அதேபோல லெக் ஸ்பின் போடுகிறவரும் மணிக்கட்டைத் திருப்பி, விரலால் சுண்டி, பந்தைச் சுழலவிடுகிறார். பந்து தரையில் விழுகிறது. விழுந்ததும், வலது கை ஆட்டக்காரரை விட்டு விலகி ஓடுகிறது. நேராக வரும் என்று நம்பி மட்டையை நீட்டியவர் ஏமாந்துபோகிறார்.

இது பாதி வித்தைதான். மறுபாதி 'கூக்ளி'. பார்ப்பதற்குக் கை ஒரே மாதிரிதான் வரும். ஆனால் பந்து எதிர்ப் பக்கம் திரும்பும். விலகி ஓடும் என்று எதிர்பார்த்தவருடைய கால் நடுவே புகுந்து ஸ்டம்பைத் தட்டும். இங்கிலாந்துக்காரர் போசங்கே என்பவர் நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த வித்தையைப் பிரபலமாக்கினார்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. செய்துபார்த்தால்தான் தெரியும். மணிக்கட்டு ஒரு நூல் அளவு தவறினால் பந்து குட்டையாக விழும். ஆட்டக்காரர் எல்லைக்கு விரட்டுவார். விரல் ஒரு கணம் முந்தினால் பந்து விழாமலே போய்ச்சேரும். அதுவும் எல்லைக்கு ஓடும்.

அதனால்தான் லெக் ஸ்பின் போடுகிறவர்களில் பெரும்பாலோர் ரன்னை வாரிக் கொடுத்துத்தான் விக்கெட் வாங்குவார்கள். குமாரின் கணக்கு வேறு. 129 முதல்தரப் பந்தயங்களில் 599 விக்கெட். ஒரு விக்கெட்டுக்கு அவர் கொடுத்த விலை 20 ரன்னுக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு பந்தயத்துக்குச் சராசரி நாலரை விக்கெட்டுக்கு மேல். ரஞ்சிப் பந்தயங்களில் மட்டும் 417.

தாராளமாகச் செலவு செய்யும் தொழிலில் அவர் சிக்கனமாகக் குடித்தனம் நடத்தினார்!

டில்லியில் ஒரு பிப்ரவரி

1961-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். டில்லி பெரோஷா கோட்லா மைதானம்.

பாகிஸ்தான் அணி இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தது. நான்கு டெஸ்டுகள் வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்துவிட்டன. ஐந்தாவது டெஸ்ட் பாக்கி. 25 வயதுக் குமாருக்கு அப்போதுதான் அழைப்பு வந்தது.

இந்தியா 463 ரன் எடுத்தது. பாகிஸ்தான் ஆட வந்தது. குமார் பந்தைக் கையில் வாங்கினார்.

முதல் இன்னிங்சில் 64 ரன் கொடுத்து 5 விக்கெட்! இரண்டாவது இன்னிங்சில் 68 ரன் கொடுத்து 2 விக்கெட்! முதல் டெஸ்டிலேயே 7 விக்கெட்!

இந்தியாவுக்காக ஆடிய முதல் டெஸ்டிலேயே ஒரு இன்னிங்சில் 5 விக்கெட் எடுத்தவர்கள் மிகச் சிலர். 1932-ல் முகமது நிசார் எடுத்தார். அவர் வேகப்பந்து வீரர். அவருக்கு அடுத்தவர் குமார். சுழல் பந்துக்காரர்களில் முதல்வர் அவர்தான்.

50 ஆண்டுகள் சென்றன. 2011-ம் ஆண்டு நவம்பர். அதே டில்லி கோட்லா மைதானம். மேற்கு மாம்பலத்திலிருந்து போன இன்னொரு சுழல் பந்துக்காரர் தமது முதல் டெஸ்டை ஆடினார். இரண்டாவது இன்னிங்சில் 47 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். அவர் ஆர்.அஸ்வின்.

அஸ்வின் 106 டெஸ்டுகள் ஆடினார். 537 விக்கெட்டுகள் எடுத்தார். 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றார். நாடே எழுந்து நின்று கை தட்டியது. தட்ட வேண்டியதுதான்.

குமார் எத்தனை டெஸ்ட் ஆடினார்? முதல் டெஸ்டுக்குப் பிறகு இன்னும் ஒன்று. அவ்வளவுதான்!

கதவு சாத்தியது ஏன்?

1961-ம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்து அணி வந்தது. பம்பாயில் முதல் டெஸ்ட். குமார் ஆடினார். விக்கெட் கிடைக்கவில்லை. அடுத்த டெஸ்டுக்கு அவர் பெயர் இல்லை. பிறகு என்றைக்குமே இல்லை. அப்போது அவருக்கு வயது 26.

"அநியாயம்!" என்று கத்தத் தோன்றுகிறது அல்லவா? கொஞ்சம் பொறுங்கள். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

அந்தத் தொடரில் கல்கத்தாவிலும் சென்னையிலும் இந்தியா வென்றது. இங்கிலாந்தைத் தொடரில் தோற்கடித்தது அதுவே முதல் தடவை. வெற்றி தேடித் தந்தவர்கள் சலீம் துரானியும் சந்து போர்டேயும். இருவரும் சுழல் பந்துக்காரர்கள். இருவருக்கும் மட்டை பிடிக்கவும் தெரியும். போர்டே போட்டதும் லெக் ஸ்பின்தான். ரன்னும் எடுப்பார், விக்கெட்டும் எடுப்பார் என்றால் எந்தத் தேர்வுக்குழு அவரை விடும்?

அதே தொடரில் சென்னை டெஸ்டில் பிரசன்னா முதல் முறையாக ஆடினார். 1964 ஜனவரியில் சந்திரசேகர் வந்தார். வயது 18. சிறு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்த கை. அந்தக் கையாலேயே உலகத்தை மிரட்டினார். அவரும் லெக் ஸ்பின். 1965-ல் வெங்கட்ராகவன் வந்தார். 1966-ல் பேடி வந்தார்.

இப்படி ஒரு கூட்டம் ஒரே சமயத்தில் எந்த நாட்டுக்கும் வாய்த்ததில்லை. பந்தியில் இலை நாலு; பசியோடு நின்றவர்கள் பத்துப் பேர். குமாருக்கு இலை கிடைக்கவில்லை.

ஆகவே, 'யார் சதி செய்தார்கள்?' என்று கேட்பதில் பயன் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு.

கதவு சாத்திய பிறகு குமார் என்ன செய்தார்?

பதினைந்து பருவங்கள்

26 வயதில் ஒருவனிடம் "இனிமேல் மேலே போக வழி இல்லை" என்று உலகம் சொல்கிறது. வாய் திறந்து சொல்வதில்லை. ஒவ்வொரு தடவையும் அணிப் பட்டியலை வெளியிட்டு, அதில் பெயர் இல்லாமல் செய்து, மௌனமாகச் சொல்கிறது.

பலர் அந்த இடத்தில் உடைந்துபோவார்கள். சிலர் குடிக்கப் போவார்கள். சிலர் வாழ்நாள் முழுவதும் பிறரைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள்.

குமார் பந்து போட்டார்!

1976-77 பருவம் வரையில் போட்டார். 41 வயது வரையில் போட்டார். மைசூர் வந்தது; போட்டார். ஹைதராபாத் வந்தது, போட்டார். கேரளம் வந்தது, ஆந்திரம் வந்தது, போட்டார். மதராஸ் ராஜ்யம் தமிழ்நாடு என்று பெயர் மாறியது. அணியின் பெயரும் மாறியது. குமார் போடுவது மட்டும் மாறவில்லை.

ஒரு முனையில் குமாரின் லெக் ஸ்பின். மறுமுனையில் வெங்கட்ராகவனின் ஆப் ஸ்பின். ஒன்று வெளியே போகும்; ஒன்று உள்ளே வரும். உலக்கை மாற்றி உலக்கை விழுவது போல இந்த ஜோடி எதிரிகளை இடித்தது. வெங்கட் 57 டெஸ்டுகள் ஆடினார். இந்தியாவுக்குத் தலைவராக இருந்தார். பின்னால் சர்வதேச நடுவராகவும் பெயர் பெற்றார். ரஞ்சிப் பந்தயங்களில் மட்டும் 530 விக்கெட் எடுத்தார். அவர் வாலிபராக அணிக்கு வந்தபோது மறுமுனையில் இருந்தவர் பழுத்த அனுபவசாலி குமார். ஒரு முனை கெட்டியாக இருந்தால்தான் மறுமுனைக்குத் தைரியம் வரும். இது வீட்டுக்கும் பொருந்தும்.

கோப்பைக்கும் அவருக்கும் நடுவே

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சோகம் என்றும் சொல்லலாம்.

மதராஸ் அணி முதல் முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்றது 1954-55 பருவத்தில். தலைவர் பாலு அளகண்ணன். பின்னாளில் ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை செய்தாரே, அவர்தான். இந்தூரில் நடந்த இறுதிப் பந்தயத்தில் ஹோல்கார் அணியைத் தோற்கடித்தார்கள்.

குமார் அணிக்கு வந்தது அதற்கு அடுத்த பருவம்!

மறுபடியும் கோப்பை சென்னைக்கு வந்தது 1987-88 பருவத்தில். சேப்பாக்கத்தில் ரயில்வே அணியை வென்றார்கள். அப்போது குமார் ஆட்டத்திலிருந்து விலகிப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

22 பருவங்கள் ஆடினார். ஒரு தடவைகூடக் கோப்பை கைக்கு வரவில்லை. 1958-59 முதல் 1972-73 வரையில் 15 தடவை தொடர்ந்து பம்பாய்தான் கோப்பையை எடுத்துக்கொண்டது.

இரண்டு தடவை கோப்பை கிட்டே வந்தது. 1967-68-ல் இறுதிப் பந்தயத்தில் பம்பாயிடம் தோல்வி. 1972-73-ல் மறுபடியும் இறுதிப் பந்தயம். இந்தத் தடவை சொந்த ஊர். சேப்பாக்கம்!

பந்து பம்பரமாய்ச் சுழலும் ஆடுகளம். குமாரும் வெங்கட்டும் அணியில் இருக்கிறார்கள். பம்பாய் 151 ரன்னில் சுருண்டது. இரண்டாவது தடவை 113 ரன்னில் சுருண்டது. இனி என்ன, கோப்பை நம்முடையதுதான் என்று ஊரே நினைத்தது.

ஆனால் பம்பாயிலும் ஒரு சுழல் பந்துக்காரர் இருந்தார். பெயர் பத்மாகர் சிவால்கர். இடது கைக்காரர். முதல் இன்னிங்சில் 16 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுத்தார். தமிழ்நாடு 80 ரன்னில் காலி. இரண்டாவது இன்னிங்சில் 18 ரன் கொடுத்து 5 விக்கெட். தமிழ்நாடு 61 ரன்னில் காலி. மூன்றாம் நாள் முதல் பந்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பம்பாய் 123 ரன் வித்தியாசத்தில் வென்றது.

அந்தச் சிவால்கர் எத்தனை டெஸ்ட் ஆடினார் தெரியுமா?

ஒன்றுகூட இல்லை!

முதல்தரப் பந்தயங்களில் 589 விக்கெட் எடுத்தவர் அவர். அப்போது பேடி அணியில் இருந்தார். சிவால்கருக்கு இடம் இல்லை. 2025-ம் ஆண்டு மார்ச்சில் காலமானார்.

அரியானாவின் ராஜிந்தர் கோயல் கதை இன்னும் பெரியது. ரஞ்சிப் பந்தயங்களில் 637 விக்கெட்! இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. 1974-ல் பெங்களூர் டெஸ்டுக்கு அவரை அழைத்தார்கள். பேடி அந்த டெஸ்டில் ஆடவில்லை. இந்தத் தடவை நிச்சயம் என்று எல்லாரும் நினைத்தார்கள். காலையில் பதினொரு பேர் பட்டியல் வந்தது. கோயல் பெயர் இல்லை. அவரும் ஒரு டெஸ்ட்கூட ஆடாமலே 2020-ல் கண் மூடினார்.

சென்னைக்கு இரண்டாவது கோப்பையை வாங்கித் தந்த தலைவர் எஸ்.வாசுதேவன். அவரும் இடது கைச் சுழல் பந்துக்காரர். அவரும் இந்தியாவுக்கு ஆடவில்லை.

'துரதிர்ஷ்டசாலி'யா?

இவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு வார்த்தை வந்து விழுகிறது. "பாவம், துரதிர்ஷ்டசாலி!"

இந்த வார்த்தை மரியாதை போலத் தோன்றும். உண்மையில் அது ஒரு அவமதிப்பு.

எப்படி? ஒருவர் 22 பருவங்கள் உழைத்தார். 599 தடவை ஒரு நல்ல ஆட்டக்காரரைத் திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு தடவையும் அதற்காக யோசித்தார், வலை பின்னினார், காத்திருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு, அவர் ஆடாத டெஸ்டுகளை எண்ணிப் பரிதாபப்படுவது என்ன நியாயம்?

வயலில் 22 போகம் விளைவித்த விவசாயியைப் பார்த்து, "பாவம், மந்திரி கையால் பரிசு வாங்கவில்லையே" என்று அழுவார்களா? அவர் விளைவித்த நெல்லை ஊர் உண்டிருக்கிறதே!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024-25 பருவத்தில் ரஞ்சிக் கோப்பைக்காக 38 அணிகள் ஆடின. அணிக்கு 15 பேர் என்று வைத்தாலும் 570 பேர். இந்திய டெஸ்ட் அணியில் ஆடுகிறவர்கள் 11 பேர். அப்படியானால் மீதி 559 பேரும் தோற்றவர்களா?

அவர்கள் இல்லாவிட்டால் அந்த 11 பேர் ஏது? நல்ல பந்தை எதிர்த்து ஆடினால்தான் நல்ல ஆட்டக்காரர் உருவாவார். தென்னாட்டில் ஆடிய ஒவ்வொரு பெரிய ஆட்டக்காரரும் குமாரின் பந்தில் பரீட்சை எழுதித்தான் மேலே போனார். பரீட்சை வைத்த ஆசிரியர் கலெக்டர் ஆகவில்லை என்று யாராவது குறை சொல்வார்களா?

நல்ல வேளையாக, காலம் கொஞ்சம் கடனைத் தீர்த்தது. 2017-ம் ஆண்டு இந்தியக் கிரிக்கெட் வாரியம் குமாருக்குச் சிறப்பு விருது அறிவித்தது. 1961-ல் பாகிஸ்தான் தொடரில் வேகப்பந்து வீசிய ரமாகாந்த் தேசாய்க்கும், அவர் மறைந்த பிறகு, அதே விருதைக் கொடுத்தார்கள். அதே ஆண்டு கோயலுக்கும் சிவால்கருக்கும் சி.கே.நாயுடு வாழ்நாள் சாதனை விருது கிடைத்தது. டில்லி டெஸ்டுக்குப் பிறகு 56 ஆண்டுகள். தாமதம்தான். ஆனாலும் வந்தது.

காசு வந்தது, பொறுமை?

அந்தக் காலத்தில் ரஞ்சிப் பந்தயம் ஆடிக் குடும்பம் நடத்த முடியாது. கிடைத்தது படிக்காசு. பாங்கிலோ கம்பெனியிலோ உத்தியோகம் பார்த்துக்கொண்டுதான் ஆட வேண்டும். வார நாளில் ஆபீஸ். மற்ற நாளில் மைதானம்.

இன்று நிலைமை மாறிவிட்டது. 2021-22 பருவம் முதல், 40 பந்தயங்களுக்கு மேல் ஆடிய ரஞ்சி ஆட்டக்காரருக்கு ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் சம்பளம். புதிதாக வருகிறவருக்கே 40,000 ரூபாய். பழைய முதல்தர ஆட்டக்காரர்களின் பென்ஷனை 2022-ல் மாதம் 15,000 ரூபாயிலிருந்து 30,000 ரூபாயாக உயர்த்தினார்கள். இதெல்லாம் நல்ல காரியம். வரவேற்க வேண்டும்.

ஆனால் காசு வந்த வழியில் அவசரமும் வந்துவிட்டது.

இருபது ஓவர் ஆட்டத்தில் ஒரு பந்துக்காரர் நாலு ஓவர்தான் போடலாம். மொத்தம் 24 பந்து. அதற்குள் முடித்துவிட வேண்டும். ஒரு ஆட்டக்காரரை ஒரு மணி நேரம் ஏமாற்றி, வழிக்குக் கொண்டுவந்து, வீழ்த்துவதற்கு அங்கே நேரம் இல்லை. அந்த ஆட்டம் தப்பு என்று சொல்லவில்லை. குடும்பத்தோடு பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஒன்றே கிரிக்கெட் என்று பையன் நினைத்துவிட்டால், மணிக்கட்டு பழுக்க யார் காத்திருப்பார்கள்?

பையனை விடப் பெற்றோரின் அவசரம் பெரிது. பத்து வயதில் பயிற்சிக்குச் சேர்க்கிறார்கள். பன்னிரண்டு வயதில், "இன்னும் ஏன் அணியில் வரவில்லை?" என்று கேட்கிறார்கள். பதினாறு வயதில், "இதற்குக் கொட்டிய பணத்துக்கு..." என்று கணக்குப் பார்க்கிறார்கள். பையன் பந்து போடும்போது ஸ்டம்பைப் பார்ப்பதில்லை. வேலி ஓரத்தில் நிற்கும் அப்பா முகத்தைப் பார்க்கிறான்!

சீக்கிரம் உயர்ந்தால் மட்டும் போதுமா? சென்னையின் இன்னொரு லெக் ஸ்பின் வீரர் எல்.சிவராமகிருஷ்ணன். 17 வயதில், 1983-ல், டெஸ்ட் ஆடினார். 1984-ல் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்டில் 12 விக்கெட் எடுத்தார். நாடே கொண்டாடியது. ஆனால் அவருடைய கடைசி டெஸ்ட் 1986 ஜனவரியில் முடிந்துவிட்டது. அப்போது வயது 20! மொத்தம் 9 டெஸ்டுகள். திறமையில் குறை இல்லை. ஆனாலும் அவ்வளவுதான் வாய்த்தது. மேலே போவது ஒருவர் கையில் மட்டும் இல்லை என்பதற்கு இதுவும் சாட்சி.

ஒருவர் கையில் இருப்பது என்ன? அடுத்த பந்து. அது ஒன்றுதான்.

என்ன செய்ய வேண்டும்?

புலம்பிவிட்டுப் போனால் போதாது. செய்யக்கூடிய காரியங்கள் உண்டு. பெரிய செலவும் இல்லை.

முதலாவது, பள்ளிக்கூடங்கள். சேப்பாக்கத்தில் ரஞ்சிப் பந்தயம் நடக்கும்போது காலரிகள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் உள்ள பள்ளிக்கூடங்கள் வருஷத்துக்கு ஒரு நாள் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகலாம். மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போகிறார்களே, அது போல. ஒரு சுழல் பந்துக்காரர் காலை முதல் மாலை வரை எப்படி உழைக்கிறார் என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். ஆயிரம் உபதேசத்தை விட அது மேல்.

இரண்டாவது, கிளப்புகளும் பயிற்சிக்கூடங்களும். ரஞ்சி ஆடி ஓய்வு பெற்ற சுழல் பந்துக்காரர்கள் இந்த ஊரில் பலர் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து, மாதம் ஒரு நாளாவது சின்னப் பையன்களுக்கு மணிக்கட்டு வித்தையைக் காட்டச் சொல்ல வேண்டும். இந்த வித்தை புத்தகத்தில் முழுதும் வராது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத்தான் போகும். கை ஓய்ந்துவிட்டால் வித்தையும் ஓய்ந்துவிடும்.

மூன்றாவது, பெயர்ப் பலகை. ராம்சிங்கிலிருந்து வாசுதேவன் வரையில், சென்னைக்காகச் சுழல் பந்து போட்டவர்களின் பெயர்களையும், அவர்கள் எடுத்த விக்கெட் எண்ணிக்கையையும், பிள்ளைகள் ஆடும் மைதானங்களில் தமிழில் எழுதி வைக்கலாம். டெஸ்ட் ஆடினாரா, இல்லையா என்று அதில் குறிக்கவே வேண்டாம்!

நான்காவது, பெற்றோர். இதுதான் முக்கியம்.

உங்கள் பையன் இந்தியாவுக்கு ஆடாமல் போகலாம். மாநில அணிக்கே வராமலும் போகலாம். கிரிக்கெட் மட்டும் அல்ல. படிப்பிலும் அப்படித்தான்; பாட்டிலும் அப்படித்தான்; உத்தியோகத்திலும் அப்படித்தான். உச்சியில் இடம் கொஞ்சம். ஏறுகிறவர்கள் அதிகம்.

அன்று மாலை அவன் தலை குனிந்து வீட்டுக்கு வருவான். பட்டியலில் தன் பெயர் இல்லை என்று சொல்வான். அந்த ஒரு நிமிஷம் பெற்றோருக்கு வைக்கும் பரீட்சை. "அவ்வளவு செலவு செய்தோமே" என்று சொன்னால் அவன் பந்தை மூலையில் எறிந்துவிடுவான். "நாளைக்குப் பிராக்டிஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டால், ஒருவேளை இன்னும் பதினைந்து பருவங்கள் போடுவான்.

26 வயதில் கதவு சாத்தியது. 41 வயது வரையில் குமார் பந்து போட்டார். அந்தப் பதினைந்து பருவங்களுக்குக் கோப்பை இல்லை; டெஸ்ட் தொப்பி இல்லை. வேலை இருந்தது, வேலையில் நேர்த்தி இருந்தது. 599 விக்கெட் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சோமசுந்தரம் மைதானத்தில், கடைசியாகப் பந்து கிடைக்கும் அந்தச் சின்னப் பையனுக்கு யாராவது இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

இன்று மத்தியானம் சாப்பாட்டின்போது உங்கள் வீட்டுப் பையனுக்குச் சொல்லுங்கள்!